கண்ணீர் அஞ்சலிக் கூரை

என் மச்சான் ஒரு திருடன். மின்கம்பத்தில் கட்டியிருந்த ஒரு செத்த மனிதரின் முகத்தை அவிழ்த்துக்கொண்டு வந்து என் தலைக்கு மேல் கட்டிவிட்டான். இன்று கேட்டாலும் "உனக்காகத்தான மாமா செஞ்சேன்" என்பான். எனக்காகத்தான் செய்தான், ஒத்துக்கொள்கிறேன். திருடித்தான் செய்தான், அதையும் அவன் ஒத்துக்கொள்ளட்டும்.

மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. கடலூர் முதுநகரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்வான். 2004இல் எனக்கு வண்டி செய்து கொடுத்ததும் அவன்தான். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, அங்கே ஒரு இரும்பு அச்சும் இரண்டு பக்கமும் இரண்டு சக்கரமும் வைத்தான். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் கையில். கால் வேலை எதுவும் கிடையாது, ஏனென்றால் எனக்குக் கால் விஷயத்தில் கொடுப்பினை இல்லை. குழந்தையில் போலியோ. வலது கால் பேருக்குத் தொங்குகிறது. இடது காலுக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை காலிப்பர் உண்டு: இரண்டு இரும்புக் கம்பி, நாலு தோல் வார், கீழே கம்பி செருகிய தோல் ஷூ. முட்டியில் ஒரு பூட்டு. பூட்டைப் போட்டுக் கைத்தடியை ஊன்றினால் நான் மனிதன் உயரத்துக்கு நிற்பேன், நடப்பேன்.

அந்த ஷூ நனையக் கூடாது. என் மழைக்காலம் முழுக்க அந்த ஒரு விஷயம்தான். தோல் நனைந்தால் ஊறும், வார் இளகும், கம்பி குதிகாலில் ஆடும், வழவழப்பான தரையில் அடி வழுக்கும். காய மூன்று நாள் ஆகும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சீக்கிரம் காயவைத்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்த மூன்று நாளும் நான் தவழ வேண்டும். வீட்டுக்குள் தவழ்வேன், அதில் வெட்கம் இல்லை. வெளியே ஒரே ஒரு முறை தவழ்ந்தேன். 2006இல் அடையாள அட்டை விஷயமாக ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தபோது. மழையில் ஷூ ஊறிவிட்டது. ஈரப் பேன்ட்டோடு கூடம் முழுக்கத் தவழ்ந்து போனேன். கடைநிலை ஊழியர் ஒருவர் எனக்குப் பின்னாலேயே துணியை வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திட்டவில்லை. நான் போகப் போகத் துடைத்தார், நான் நின்றால் அவரும் நின்றார். இனி எந்த அலுவலகத்துக்குள்ளும் தவழ மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மழையில் மூன்று சக்கர வண்டி ஓட்டுவது பற்றிக் கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு சக்கரக்காரனுக்கு ரோட்டில் ஒரு கோடு போதும். பள்ளத்தைப் பார்த்தால் வளைந்து போய்விடுவான். எனக்கு மூன்று கோடு வேண்டும். முன்சக்கரம் பள்ளத்துக்குத் தப்பினால் பின்னால் ஒன்று கட்டாயம் விழும். விழுந்தால் சேற்றுத் தண்ணீர் முதுகுக்கு வரும். முன்சக்கரம் தன் பங்குக்கு முழங்காலில் அடிக்கும். மேலே மழை. ஆக மூன்று திசையிலிருந்தும் குளிக்கலாம். மற்றவர்கள் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு ஏதாவது கடைக்குள் ஓடி நிற்பார்கள். நான் வண்டியை நிறுத்தி, தடியை எடுத்து, முட்டிப் பூட்டைப் போட்டு, எழுந்து நிற்பதற்குள் மழையே அலுத்துப்போய் நின்றுவிடும்.

நாலு வருஷம் எல்லா வித்தையும் செய்து பார்த்தேன். முதலில் ரெயின்கோட். ரெயின்கோட் தைக்கிறவர்கள் நின்றுகொண்டே வண்டி ஓட்டுகிறவர்கள் போலிருக்கிறது. உட்கார்ந்தால் மடியில் குளம் கட்டும். பிரேக் போட்டால் அந்தக் குளம் முன்னால் போகும், வண்டியை எடுத்தால் திரும்பி வந்து சரியாக எங்கே இறங்கக் கூடாதோ அங்கே இறங்கும். அடுத்து குடை. ஹேண்டில்பாரில் கட்டினேன். முதல் பாலத்திலேயே தாமரைப் பூ மாதிரி விரிந்துகொண்டு வண்டியைப் பக்கத்துச் சுவருக்கு இழுத்தது. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கூலி வேலை பார்த்த ஒருத்தர் ஒரு பெரிய பிளாஸ்டிக் சாக்கு கொடுத்தார். கழுத்துக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டேன். தண்ணீர் இறங்கவில்லை, ஆனால் ரெண்டு நாள் உடம்பெல்லாம் அரித்தது. "அதுல முன்னாடி என்னாங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். "எனக்கென்னா தெரியும், காலியாதான் கெடந்துச்சு" என்றார்.

2008 ஐப்பசியில் சிதம்பரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தட்டச்சர் வேலைக்கு நேர்காணல். நிரந்தர வேலை. எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன், அவர்களுக்குத் தெரியும். நான் அப்போது கடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தட்டச்சில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் முடித்தவன். உட்கார்ந்து செய்கிற வேலை, எனக்கென்றே வைத்த மாதிரி வேலை. காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும், தவறினால் வாய்ப்பு ரத்து என்று போட்டிருந்தார்கள். அந்த வருஷம் ரயில் கிடையாது. பாதையை அகலப்படுத்துகிறோம் என்று மூடி வைத்திருந்தார்கள். பஸ்ஸில் நான் ஏறி முடிப்பதற்குள் கண்டக்டர் மூன்று விசில் கொடுப்பார். ஆகையால் வண்டிதான். நாற்பது கிலோமீட்டர் இருக்கும். வானமோ ஒரு வாரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

மச்சானிடம் சொன்னேன்.

"கூரை போட்ருவோம் மாமா" என்றான். "ஆட்டோக்காரன் நனையுறானா? ஒரு சொட்டு விழாது. காலையில வண்டிய வந்து எடுத்துக்க."

காலை ஆறரை மணிக்குப் பட்டறைக்குப் போனபோது வண்டி மழையில் பளபளவென்று நின்றது. நாலு மூலையிலும் இரும்புக் குழாய். மேலே பேனர், டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தான். முன்பக்கம் ஒரு சாண் தொங்கலில் பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. பின்பக்கத் தொங்கலில் துயருறும் குடும்பத்தார் பெயர்கள், இருபதுக்குக் குறையாது. மேலே, வானத்தைப் பார்த்தபடி, மாலை போட்ட ஒரு பெரியவர். சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னாடா இது?"

"பிளெக்ஸ் மாமா. இத விட கெட்டி துணி கெடைக்குமா? அச்சடிச்ச பக்கம் வழவழன்னு இருக்கும், தண்ணி நிக்காம ஓடிரும். அதான் மூஞ்சி மேல."

"யாருடா இவரு?"

"நம்ம பக்கத்துத் தெரு. காரியம்லாம் முடிஞ்சிருச்சு மாமா. இனிமே அவுங்களுக்கு எதுக்கு? சும்மா கம்பத்துல ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு."

எங்கள் பக்கத்தில் யாராவது செத்தால் மறுநாளே தெரு முனையில் பேனர் கட்டிவிடுவார்கள். பதினாறாம் நாள் கருமாதி வரை அதை யாரும் தொட மாட்டார்கள். முடிந்த பிறகு அது பொதுச் சொத்து. கோழிக்கூண்டுக்குப் போகும், குடிசை மேல் போகும், வலைக்குப் படுதாவாகப் போகும். முதுநகரில் பாதிக் கோழிகள் யாராவது ஒரு தாத்தாவின் முகத்துக்குக் கீழேதான் முட்டை போட்டன. அதனால் அவன் 'முடிஞ்சிருச்சு' என்றதும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நேரமும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், கூரை வேலை செய்தது. சிப்காட் தாண்டும்போது சாலையே தெரியாத அளவுக்குக் கொட்டியது. என் மேல் ஒரு சொட்டு இல்லை. மச்சான் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரமும் வைத்திருந்தான். ஷூவைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டேன். காய்ந்திருந்தது. இதில் எதிர்பாராத மரியாதை வேறு. எதிரே வந்த லாரிக்காரன் 'கண்ணீர் அஞ்சலி'யைப் படித்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டான். ஆலப்பாக்கத்தில் ஒருத்தர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் ஒரு மாதிரி சோகமாகத் தலையாட்டிவிட்டுப் போனேன். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னாலும் கிடைத்ததில்லை, பின்னாலும் கிடைத்ததில்லை.

மேலே இருந்த முகம் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும். இது எனக்கும் தோன்றவில்லை, திருடிய மேதைக்கும் தோன்றவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. புதுச்சத்திரத்தில் அதிலிருந்து ஒரு ஆள் இறங்கி, மழையில் நனைந்தபடி, ரோட்டுக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றான். மொட்டை அடித்திருந்தான்.

"நிறுத்துய்யா வண்டிய!"

நிறுத்தினேன். பக்கத்தில் டீக்கடை. கடை வாசலில் இருந்த நாலு பேரும் கிளாஸோடு முன்னால் வந்தார்கள்.

"எங்க மாமனாரு மூஞ்சிய மல்லாக்கப் போட்டு மழையில நனைய விட்டிருக்கியே, நீயெல்லாம் மனுசனா?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அவரு நனையறதாலதாங்க நான் நனையாம வர்றேன்" என்றேன்.

டீக்கடையில் ஒருத்தனுக்குப் புரையேறியது. மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பதினாறு இன்னும் முடியலய்யா! இன்னைக்கு ஒம்பதாம் நாளு! காலையில கம்பத்துல பேனரக் காணும்னு எங்க வூட்டுல ஒப்பாரி வச்சுட்டுக் கெடக்குறாங்க. நான் சொந்தக்காரங்களுக்கு கருமாதி சொல்லப் போறேன், நீ அவர வச்சு ஊர்கோலம் போற!"

"காரியம் முடிஞ்சிருச்சுன்னு எம் மச்சான் சொன்னாங்க."

"எவன் அவன்?"

அட்ரஸோடு சொன்னேன். அந்த நேரத்தில் மச்சானைக் காட்டிக் கொடுக்க எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. நேர்காணல் கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். மணி எட்டே முக்கால். "சிதம்பரம் வரைக்கும் வுட்டுருங்க. சாயங்காலம் நானே கொண்டாந்து குடுத்துர்றேன். இது நனைஞ்சா என்னால நடக்க முடியாதுங்க" என்று ஷூவைக் காட்டினேன்.

அவன் ஷூவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். இளகுகிற மாதிரி இருந்தது. ஆனால் மாமனார் விஷயம். நாளைக்கு மனைவிக்குத் தெரிந்தால் அவன் கதி என்ன?

"அதெல்லாம் முடியாது. அவுத்துருவேன்."

டீக்கடைக்காரர்தான் பஞ்சாயத்துக்கு வந்தார். "ஏம்ப்பா, ஒனக்கு மூஞ்சிதான வேணும்? அத மட்டும் வெட்டி எடுத்துக்க. மத்ததெல்லாம் வெறும் எழுத்துதான."

"எங்க பேரெல்லாம் இருக்கு அதுல."

"பேரு நனைஞ்சா சளியா புடிக்கும்? வெட்டு, வெட்டு."

ரொட்டி வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். மருமகன் பெஞ்ச் மேல் ஏறி நின்று வெட்டினான். முகத்தை மட்டும் வெட்டியிருந்தால் ஒரு தாம்பாளத் தட்டு அளவு ஓட்டையோடு போயிருக்கும். "மாலையும் வரட்டும்ப்பா, பாக்க நல்லாருக்கும்" என்று கீழேயிருந்து ஒருத்தன் யோசனை சொன்னான். மாலையோடு சேர்த்து வெட்டினான். பிறகு தோளையும் விட மனசில்லை. கடைசியில் கூரையில் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. நான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் வானம் தெரிந்தது.

மாமனாரைத் துடைத்து, மடித்து, செய்தித்தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மருமகன் அடுத்த பஸ் ஏறினான். அந்தப் பெரியவர் ஒரு சொட்டு நனையாமல் சிதம்பரம் போனார்.

டீக்கடைக்காரரிடம் இரண்டு கேரி பேக் வாங்கி, ஒன்றுக்குள் ஒன்று வைத்து, ஷூவை அதற்குள் விட்டு, முட்டிக்குக் கீழே டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினேன். காற்றுகூடப் போகாது. ரொம்பப் புத்திசாலித்தனமாகச் செய்ததாக நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். பி.முட்லூர் தாண்டும்போது பாதம் ஜில்லென்றது. ஓட்டை வழியாக மழை தலையில் விழுந்து, கழுத்தில் இறங்கி, சட்டைக்குள் ஓடி, பேன்ட்டுக்குள் போய், பேன்ட் வழியாகவே பைக்குள் நிறைந்திருந்தது. ரப்பரை வெளியிலிருந்து வரும் தண்ணீருக்காகக் கட்டியிருந்தேன். உள்ளே வந்த தண்ணீரும் வெளியே போக முடியவில்லை. பையை அவிழ்த்தபோது அரை லிட்டர் கொட்டியது. ஷூ அதற்குள் இட்லிக்கு அரிசி ஊறுகிற மாதிரி ஊறிக் கிடந்தது. சீட்டுக்கு அடியில் டப்பாவில் வைத்திருந்த சான்றிதழ்கள் மட்டும் மொறுமொறுவென்று இருந்தன.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அலுவலகத்துக்குள் நுழைந்தேன். வாசலில் ஒரு போர்ட்டிகோ. ஒரு காரும் இல்லை, சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. அதில் கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். கண்காணிப்பாளர் என்று பிறகு தெரிந்தது.

"இங்க போடக் கூடாது. கார் நிக்கிற எடம். பின்னாடி ஸ்டாண்டு இருக்கு."

"கார் இல்லீங்களே சார்."

"வரும்."

ஸ்டாண்டு கட்டடத்துக்குப் பின்னால். அங்கிருந்து படி வரை முழங்கால் சேறு. நல்ல ஷூ இருந்தாலே பத்து நிமிடம் ஆகும். இந்த ஷூவில் இரண்டாவது அடியில் விழுவேன். பிறகு தவழ வேண்டும், சேற்றோடு, வராந்தா முழுக்க, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மற்ற எல்லாருக்கும் முன்னால். சாரிடம் இதைச் சொன்னேன். "காலு நனைஞ்சிருச்சு சார், என்னால நடக்க முடியாது. கொஞ்சம் உள்ள வரைக்கும் வண்டிலயே வரட்டா?"

"ஆபீஸுக்குள்ளயா? வெளையாடுறியா?"

போர்ட்டிகோவின் ஓரத்தில் பீரோ ஏற்றி இறக்க ஒரு சிமெண்ட் சரிவு இருந்தது. அதைப் பார்த்தேன். முதல் கியர் போட்டேன். ஏறிவிட்டேன்.

அந்த வராந்தாவில் வண்டிச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் காலைத் தூக்கிக்கொண்டார்கள். 'அமைதி காக்கவும்' என்று தொங்கிய பலகையில் குழாய் இடித்து அது ஊஞ்சல் ஆடியது. கண்காணிப்பாளர் பின்னால் கத்திக்கொண்டே ஓடி வந்தார். நேர்காணல் அறைக் கதவில் பின்சக்கரங்கள் நுழையவில்லை. முன்சக்கரத்தை மட்டும் உள்ளே விட்டு, இஞ்சினை அணைத்து, நனைந்த தலையோடு உட்கார்ந்த மேனிக்குக் கும்பிட்டேன்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்டவர். என்னை அவர் பார்க்கவில்லை. எனக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த எழுத்தைப் பார்த்தார்.

"யாரு எறந்துட்டாங்க?" என்று கேட்டார்.

"யாரும் எறக்கல சார். இன்டர்வியூவுக்கு வந்துருக்கேன்." பெயரையும் வரிசை எண்ணையும் சொல்லி, டப்பாவைத் திறந்து சான்றிதழ்களை நீட்டினேன். கண்ணாடிக்காரர் வாங்கவில்லை. இடது பக்கம் இருந்தவர் எழுந்து வந்து வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு "நல்லா மார்க் எடுத்துருக்காரு" என்றார்.

டைப்பிங் மெஷின் மூலையில் ஒரு மேஜை மேல் இருந்தது. பத்தடி தூரம். "அந்த மேசைய மட்டும் கொஞ்சம் இப்பிடி நகத்துனா இங்கயே அடிச்சுக் காட்டிருவேன் சார்" என்றேன்.

"எல்லாரும் அங்க போய்தான் அடிச்சாங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"அவுங்களுக்குக் காலு இருக்கு சார்."

"மேசைய நகத்துறதுக்கு ரூல் இல்ல. நீங்க போங்க. லெட்டர் வரும்."

அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். பின்னால் இருந்தவர்களை வேறு கதவு வழியாகக் கூப்பிட்டார்கள். பிறகு இரண்டு பேர் வந்து வண்டியைப் பின்னால் தள்ளிச் சரிவில் இறக்கிவிட்டார்கள். போர்ட்டிகோவில் அப்போதும் கார் வரவில்லை.

மச்சான் கதையையும் சொல்லிவிடுகிறேன். மருமகன் வீட்டார் பட்டறைக்கு வந்தார்கள். அடி விழவில்லை. பதினாறாம் நாள் பந்தியில் நாலு வரிசைக்கும் அவன்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊற்றினான். அதன் பிறகு கடையில் தார்ப்பாய் வாங்கி ஒழுங்காகக் கூரை போட்டுக் கொடுத்தான். 2012இல் வண்டி அச்சு முறிகிற வரை அதற்குக் கீழேதான் ஓட்டினேன். ஷூ நனையவே இல்லை. ஜெராக்ஸ் கடைக்குத்தான் போனேன், வேறு எங்கே போவது?

ஏனென்றால் லெட்டர் வந்தது, சொன்ன மாதிரியே. இரண்டே வரி. 'மேற்படி நாளில் நடைபெற்ற நேர்காணலுக்குத் தாங்கள் வருகை தராததால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' தட்டச்சில் இரண்டு பிழை. மேஜை வரைக்கும் நடந்து போய் அடித்தவன் யாரோ அடித்திருப்பான்.

வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதியிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். வண்டியை உள்ளே ஓட்டினான், ஒழுக்கமில்லாதவன் என்று எழுதியிருந்தால்கூட நியாயம் என்று போயிருப்பேன். வரவில்லை என்று எழுதினார்கள். இரண்டு முறை விளக்கம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. மூன்றாவது முறை நேரில் போனேன், நல்ல வெயில் நாளில், காய்ந்த ஷூவில், நடந்து. "அந்த ஃபைலு இப்ப இங்க இல்ல" என்றார்கள்.

ஆகையால் இங்கே கேட்கிறேன். நடுவில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரரே, நீங்கள் இப்போது ஓய்வு பெற்றிருக்கலாம், ஆனால் படிக்கத் தெரிந்தவர். அன்று நான் வரவில்லை என்றால், யார் இறந்தது என்று நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்த பக்கத்து மனிதர் யாருடைய மார்க்கைப் பற்றிப் பேசினார்? பெஞ்சில் காலைத் தூக்கிக்கொண்டவர்கள் எதற்காகத் தூக்கினார்கள்? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். அந்த அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில், வருகிறவன் போகிறவன் எல்லாம் படிக்கிற இடத்தில், உங்கள் பெயரைப் போட்டு, கையெழுத்தும் போட்டு, பதிலை எழுதி ஒட்டுங்கள்.